சிஎஸ்இயா, ஐடியா, சிஎஸ்பிஎஸ்ஸா: சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் ஒரு கணக்கு

பொறியியல் கலந்தாய்வில் "கம்ப்யூட்டர்தான்" என்று வீட்டில் முடிவான பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்கும். சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கல்லூரியையும் பிராஞ்சையும் விருப்ப வரிசையில் நிரப்பும் பக்கத்தைத் திறந்தால் ஒரே கல்லூரியின் பெயருக்குக் கீழே பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்இ), பி.டெக். இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி (ஐடி), பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் (சிஎஸ்பிஎஸ்), ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று வரிசையாக நிற்கும். எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கணக்கு. "ஐடின்னா ரெண்டாம் தரம்ப்பா" என்பார் ஒரு மாமா. "பிசினஸ் சிஸ்டம்ஸா? அதுக்கு பி.காம். போதுமே" என்பார் இன்னொருவர்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கல்லூரியில் எல்லாமே கிடைக்கும் அளவுக்கு மார்க் இருந்தால், கணக்கைக் கண்டு ஓடாத பிள்ளைக்கு சிஎஸ்இ. கல்லூரி மாறுகிறது என்றால், சுமாரான கல்லூரியின் சிஎஸ்இயைவிட நல்ல கல்லூரியின் ஐடி மேல். சிஎஸ்பிஎஸ் எல்லோருக்குமானது இல்லை. ஆனால் யாருக்குப் பொருந்துமோ அவர்களுக்கு அது சிஎஸ்இயைவிடவும் நன்றாகப் பொருந்தும்.

இரண்டு வகைக் கேள்விகள்

கணினிப் படிப்பு என்று நாம் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்குள் இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஒன்று கம்ப்யூட்டர் சயின்ஸ். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1962ல் அதற்கென்று தனித்துறை தொடங்கியது. கணிதமும் மின்பொறியியலும்தான் அதற்குத் தாய்வீடு. மற்றது இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். 1968ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் அதில் முனைவர் பட்டப் படிப்பையே கொண்டுவந்தார். அது வளர்ந்தது பெரும்பாலும் மேலாண்மைத் துறைகளில். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியில் இன்றும் இவை இரண்டும் தனித்தனிப் பட்டங்கள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்ற பெயர் புழங்குவதில்லை. இங்கே அதற்கு மிக நெருங்கிய உறவுக்காரர் சிஎஸ்பிஎஸ். பலரும் நினைப்பதுபோல ஐடி அல்ல. ஐடி ஏறக்குறைய சிஎஸ்இயின் உடன்பிறப்பு.

வித்தியாசம் பிடிபட ஒரு ரேஷன் கடைக்குப் போய் நின்று பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள். 2017ல் ஸ்மார்ட் கார்டு வந்தது, பிறகு விரல்ரேகை வந்தது. பாட்டி ஒருவர் பில் போடும் பிஓஎஸ் மெஷினில் விரலை வைக்கிறார். அந்த ரேகையை எப்படி எண்களாக மாற்றுவது, சேமித்து வைத்ததோடு நொடிப்பொழுதில் எப்படி ஒப்பிடுவது, சிக்னல் போய்விட்டால் போட்ட பில்லைத் தொலைக்காமல் வைத்திருந்து பிறகு சர்வரில் எப்படிச் சேர்ப்பது, மாதத் தொடக்கத்தில் எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் மெஷினைத் தட்டினால் சர்வர் எப்படித் தாங்கும்? இவையெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கும் கேள்விகள்.

வேலை செய்தே தேய்ந்துபோன விரலை மெஷின் ஏற்காவிட்டால் என்ன செய்வது? வேறு வழியில் பொருள் கொடுக்க யார் அனுமதிப்பது, அந்த வழியைக் கடைக்காரர் தவறாகப் பயன்படுத்தாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? அரிசி அட்டை சர்க்கரை அட்டையாக மாறினால் கடையின் அடுத்த மாத ஒதுக்கீடு எப்படி மாற வேண்டும்? கிடங்கில் ஏற்றிய மூட்டைக்கும் கடையில் இறங்கிய மூட்டைக்கும் கணக்கு உதைத்தால் அது எந்த அதிகாரியின் திரையில் தெரிய வேண்டும்? இவை இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் கேட்கும் கேள்விகள். இரண்டில் எது சொதப்பினாலும் பாட்டி வெறும் பையோடுதான் வீடு திரும்புவார். எனவே எது உயர்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த வகைக் கேள்வியை நாற்பது வருடம் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருக்க முடியும் என்பதுதான் விஷயம்.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்பீர்கள். ஓரளவு தெரியும். விடை வந்த பிறகும் "ஏன் இப்படி வந்தது, வேறு வழி உண்டா" என்று நோட்டைக் குடைகிறவர் ஒரு ரகம். பள்ளி ஆண்டுவிழாவில் மேடை, சாப்பாடு, வசூல் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக் கொடுத்தவர் இன்னொரு ரகம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தங்கள் பிள்ளை எந்த ரகம் என்று நன்றாகவே தெரியும். கேட்டால்தான் சொல்லமாட்டார்கள்.

சிலபஸை எடுத்து வைத்துப் பாருங்கள்

பிராஞ்ச் பெயரை வைத்துச் சண்டை போடுகிறவர்களில் பெரும்பாலோர் சிலபஸைத் திறந்தே பார்த்ததில்லை. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளுக்கு வெளியிட்ட 2021 விதிமுறையை (ரெகுலேஷன் என்கிற பாடத்திட்டத்தை) எடுத்துக்கொள்வோம். டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்), ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ், ஏஐ-எம்எல் எல்லாம் சிஎஸ்இ, ஐடி இரண்டிலும் உண்டு. மாணவர்களைக் கலங்கடிக்கும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனிலிருந்து ஐடிக்காரருக்கும் விலக்கில்லை. பிரிகிற இடம் சிறியது. சிஎஸ்இயில் அல்காரிதம்ஸ் தனிப் பேப்பர்; எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலரைப் பற்றிய கம்பைலர் டிசைன் கட்டாயம். ஐடியில் வெப் எசென்ஷியல்ஸும், திரையில் தெரியும் பக்கம் முதல் பின்னால் உள்ள சர்வர் வரை எழுதக் கற்றுத்தரும் ஃபுல் ஸ்டாக் வெப் டெவலப்மென்ட்டும் கட்டாயம். நான்கு வருடப் படிப்பில் சில பேப்பர்கள்தான் வேறு. இதற்கா வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசாமல் இருந்தோம் என்று தோன்றும்.

சில பேப்பர்தான் என்றாலும் எந்தப் பேப்பர் என்பது முக்கியம். வேலையில் சேர்ந்தால் யாரும் கம்பைலர் எழுதச் சொல்லப்போவதில்லை, உண்மை. ஆனால் ஒரு புரோகிராமை மெஷின் எப்படிப் படிக்கிறது, எங்கே தடுக்குகிறது, எழுதியதை எப்படி மாற்றி வேகமாக்குகிறது என்பதை ஒருமுறை அடிவரை பார்த்தவருக்கு டேட்டாபேஸ் ஒரு கேள்வியை ஏன் மெதுவாக முடிக்கிறது என்பதும் சீக்கிரம் பிடிபடும். ஃபுல் ஸ்டாக் என்று இன்று வகுப்பில் சொல்லித்தரும் கருவிகள் சில வருடங்களில் பழசாகிவிடும். அவற்றை யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம், பலரும் அப்படித்தான் கற்கிறார்கள். ஆசிரியர், லேப், அரியர் பயம் இந்த மூன்றும் இல்லாமல் கம்பைலரையும் அல்காரிதத்தையும் தானாக உட்கார்ந்து முழுதாகப் படித்தவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். தனியாக இருந்தால் எதைப் படிக்கமாட்டோமோ அதைப் படிக்க வைப்பதற்குத்தான் கல்லூரி. நான் சிஎஸ்இ பக்கம் சாய்வதற்குக் காரணம் அதுதான். பெயருக்கு இருக்கும் மவுசுக்காக அல்ல.

இரண்டு எச்சரிக்கை. விதிமுறை 2013, 2017, 2021 என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாறி வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்தே ஒப்பிட வேண்டும். இரண்டாவது, தன்னாட்சிக் கல்லூரிகள் சிலபஸைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். ஒரு கல்லூரியின் ஐடியில் கம்பைலர் இருக்கலாம், இன்னொரு கல்லூரியின் சிஎஸ்இயில் அது விருப்பப்பாடமாகப் போயிருக்கலாம். கல்லூரியின் இணையதளத்தில் பிடிஎஃப் கிடைக்கும். மூன்றாம் செமஸ்டரிலிருந்து ஆறாம் செமஸ்டர் வரையுள்ள பாடத் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

சிஎஸ்பிஎஸ் யாருக்கு?

சிஎஸ்பிஎஸ் என்பது டிசிஎஸ் என்ற ஐடி நிறுவனம் கல்வியாளர்களோடு சேர்ந்து வடிவமைத்துக் கல்லூரிகளுக்குக் கொடுத்த பாடத்திட்டம். கலந்தாய்வில் கிடைக்கும் கல்லூரிகளில் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி, சென்னை ஸ்ரீ சாய்ராம் போன்றவற்றில் இருக்கிறது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டிபிஎம்எஸ் என்ற முதுகெலும்பு அப்படியே இருக்கும். அதோடு பொருளியல், புள்ளியியல், ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச், நிதி மேலாண்மை, மார்க்கெட்டிங், மனிதவள மேலாண்மை, ஐடி புராஜெக்ட் மேனேஜ்மென்ட் எல்லாம் வரும். பிசினஸ் கம்யூனிகேஷன் பல செமஸ்டருக்கு நீளும். பி.காம். போதுமே என்று சொன்ன அந்த மாமா இந்தப் பட்டியலைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்.

இந்தப் படிப்பின் அருமை திருப்பூரில் தெரியும். சாயப்பட்டறைக்கு நூறு கிலோ துணி போனால் அதே நூறு கிலோ திரும்பி வராது, எடை குறையும். எவ்வளவு குறைந்தால் நியாயம், எவ்வளவு குறைந்தால் பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டும், ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு யாருடைய ஸ்டாக்கில் நிற்கும், ஜிஎஸ்டியில் அதை எப்படிக் காட்டுவது? இதெல்லாம் தெரியாத புரோகிராமர் எழுதிய சாஃப்ட்வேர், கோடிங்கில் ஒரு பிழை இல்லாமலும் முதலாளியைத் தெருவில் நிறுத்திவிடும். சென்னையில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பிஎன்ஒய் போன்ற வங்கிகளின் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன, உலக வங்கிக்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கெல்லாம் கணக்குப் பதிவும் தெரிந்து டேட்டாபேஸும் தெரிந்தவருக்கு மரியாதை அதிகம். குடும்பத் தொழில் இருக்கிற வீட்டுப் பிள்ளை, பின்னாளில் எம்பிஏ நினைப்பு உள்ளவர், மனிதர்களோடு உட்கார்ந்து பேசி விஷயத்தை வாங்கத் தெரிந்தவர் ஆகியோருக்கு நான் தயங்காமல் சிஎஸ்பிஎஸ் சொல்வேன்.

குறைகளும் உண்டு. நான்கு வருடம் எல்லாப் படிப்புக்கும் ஒரே நீளம்தான். மேலாண்மைப் பாடங்கள் உள்ளே வந்தால் கணினி விருப்பப்பாடங்களுக்கான இடம் சுருங்கும். இன்னொன்று, நிதி மேலாண்மையை யார் நடத்துவார் என்று கேளுங்கள். எம்பிஏ துறை உள்ள கல்லூரியில் அந்த ஆசிரியர்களே வந்து எடுப்பார்கள் என்றால் நல்லது. நேற்றுவரை ஜாவா எடுத்தவரிடம் இன்று நிதி மேலாண்மையை ஒப்படைக்கும் கல்லூரி என்றால் அந்தப் பாடம் வெறும் மனப்பாடமாக முடியும்.

"டிசிஎஸ் சிலபஸ், அதனால் டிசிஎஸ்ஸில் வேலை உறுதி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிலபஸ் கொடுப்பது வேறு, ஆள் எடுப்பது வேறு. 2025 ஜூலையில் அதே டிசிஎஸ், தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நிறுவனத்தின் பெயரை நம்பி பிராஞ்ச் எடுக்கும் காலம் இது இல்லை.

படித்து முடித்த பிறகு

கேம்பஸில் வந்து ஆள் எடுக்கும் பெரிய சேவை நிறுவனங்களுக்கு சிஎஸ்இயும் ஐடியும் ஒன்றுதான். அறிவிப்பிலேயே இரண்டையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். பல நேரம் எலக்ட்ரானிக்ஸ் பிராஞ்சான இசிஇயும் உண்டு. ஆப்டிட்யூட், கோடிங், இன்டர்வியூ மூன்றும் எல்லோருக்கும் பொது. தொடக்கச் சம்பளத்தைத் தீர்மானிப்பது கோடிங் சுற்றில் வாங்கும் மார்க்தான். ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், பட்டமே இல்லாத பிள்ளைகளை எடுத்துத் தன் பள்ளியில் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துவதை இருபது வருடமாகச் செய்துவருகிறது. முதல் வேலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்று பிராஞ்சுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

வேறுபாடு மேற்படிப்பில் தெரியும். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வின் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் டிசைன், அல்காரிதம்ஸ், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. ஐஐடியில் எம்.டெக். என்ற கனவு இருந்தால் சிஎஸ்இ மாணவர் கல்லூரியில் படித்ததையே மறுபடி படிப்பார். ஐடிக்காரர் சிலவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டும். முடியாததில்லை, கூடுதல் உழைப்பு. ஜெர்மனிக்குப் போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் இறுக்கமாக இருக்கும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இளங்கலையில் என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட் என்று எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். கணிதமும் கோட்பாட்டுப் பாடங்களும் குறைந்தால் மொத்த மார்க் எவ்வளவு இருந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம். சிஎஸ்பிஎஸ் மாணவர் இந்தப் பாதைக்கு ஆசைப்பட்டால் முதலாண்டிலிருந்தே இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு வழி, எம்ஐஎஸ் எனப்படும் மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் இன்னொரு வழி. பின்னது பெரும்பாலும் பிசினஸ் ஸ்கூலில் நடக்கும். சிஎஸ்பிஎஸ் படித்தவருக்கு அது இயல்பான அடுத்த படி, ஐடி படித்தவருக்கும் திறந்தே இருக்கும். ஆனால் விசாக் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற பெயரில் 12 மாதம் வேலை பார்க்கலாம். அந்நாட்டு அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பானால் மேலும் 24 மாதம் கிடைக்கும். பட்டத்தின் பெயர் எதுவானாலும் பல்கலைக்கழகம் அதற்கு எந்தக் குறியீட்டெண் கொடுத்திருக்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கும். எம்ஐஎஸ் படிப்புகளில் இதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எச்1பி என்ற வேலை விசா: ஆண்டுக்கு 85,000 இடங்கள், குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. கடன் வாங்கிப் போகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பது நல்லது.

அரசு வேலை நினைப்பு உள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. புதுப் பெயர் கொண்ட பட்டங்களுக்குச் சில பதவிகளில் "இணையான கல்வித் தகுதி" என்ற அரசாணை கேட்பார்கள். சிஎஸ்இ, ஐடி இரண்டும் பழைய பெயர்கள் என்பதால் தொல்லை குறைவு. சிஎஸ்பிஎஸ், ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் போன்றவற்றில் சேருமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏஐ வந்து கோடிங் வேலையையே விழுங்கிவிடும் என்ற பயம் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து கவனித்தவரையில் என் எண்ணம் இது: சொன்னதை அப்படியே கோடாக மாற்றும் நடுத்தர வேலைதான் மெலிகிறது. கீழே ஆழமாகப் போனவருக்கும், மேலே தொழிலைப் புரிந்துகொண்டவருக்கும் இடம் இருக்கும். சிஎஸ்இயை ஒழுங்காகப் படித்தால் முதல் ரகம், சிஎஸ்பிஎஸ்ஸை ஒழுங்காகப் படித்தால் இரண்டாம் ரகம். வெறும் கருவிகளை மட்டும் கற்று வெளியே வரும் ஐடி மாணவர்தான் சிக்கிக்கொள்வார். ஐடி எடுப்பவர் கம்பைலரையும் அட்வான்ஸ்டு அல்காரிதத்தையும் விருப்பப்பாடமாக எடுத்துக்கொண்டால் அந்தச் சிக்கலும் தீரும்.

ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி போன்ற பிராஞ்சுகளைப் பற்றி நீட்ட மாட்டேன். நல்ல துறைகள்தான், ஆனால் இளங்கலையிலேயே ஒன்றில் தலையைக் கொடுப்பது எனக்கு உவப்பில்லை. சிஎஸ்இ படித்துவிட்டு அங்கே போகலாம். அங்கிருந்து மீண்டு வருவது கொஞ்சம் சுற்றுவழி. பொறியியலே கிடைக்காவிட்டாலும் வருந்த வேண்டாம். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸோ பிசிஏவோ படித்து எம்சிஏ போவது செலவு குறைந்த, கண்ணியமான வழி. எம்சிஏ 2020 முதல் இரண்டே வருடம்தான்.

பட்டியலில் எப்படிப் போடுவது?

கல்லூரியா பிராஞ்சா என்ற கேள்விக்கு வருவோம். கூடப் படிக்கும் பிள்ளைகள், கேம்பஸுக்கு வரும் நிறுவனங்கள், ஆசிரியர்கள் நிலைத்து நிற்கிறார்களா என்பது, இவையெல்லாம் சில பேப்பர் வித்தியாசத்தைவிடப் பெரியவை. கிண்டி, சென்னை எம்ஐடி, கோவை ஜிசிடி, பிஎஸ்ஜி, எஸ்எஸ்என் போன்ற கல்லூரிகளில் ஐடி கிடைக்கிறது என்றால், பெயர் கேட்டிராத கல்லூரியின் சிஎஸ்இக்காக அதை விடுவது வீண் பிடிவாதம். 2024 முதல் நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டதால் பல தனியார் கல்லூரிகளில் சிஎஸ்இ பிரிவுகள் பெருகிவிட்டன. ஒரே ஆண்டில் ஒரு பிராஞ்சுக்குப் பல செக்‌ஷன் சேர்க்கும் கல்லூரியில் அத்தனைக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்பது அபசகுனம் அல்ல. பணத்தையும் சேர்த்தே எண்ணுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை தனி.

பட்டியல் போடும்போது "இது நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது" என்று விட்டுவிடாதீர்கள். ஆசைப்பட்டதை மேலே போடுவதால் நஷ்டம் இல்லை. தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து பார்த்து அப்போது காலியாக இருப்பதில் முதலாவதைத்தான் கணினி ஒதுக்கும். மனதுக்குப் பிடித்த கல்லூரியை எடுத்து அதன் சிஎஸ்இ, ஐடி இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, பிறகு அடுத்த கல்லூரிக்கு இறங்குங்கள். பிள்ளைக்கு சிஎஸ்பிஎஸ் பொருந்தும் என்று முடிவு செய்திருந்தால் அதை அந்தக் கல்லூரியின் ஐடிக்கு மேலேயே போடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு நிதானம் வேண்டும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு சேர்வது ஒன்று. ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே இருப்பதற்காகக் காத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ளது கிடைத்துவிட்டால் முதலில் கிடைத்த இடம் கைவிட்டுப் போகும், திரும்பக் கேட்க முடியாது. கையில் நல்ல கல்லூரியின் ஐடி இருக்கும்போது மேலே எழுதி வைத்திருப்பது உண்மையிலேயே அதைவிட நல்லதுதானா, அல்லது மாமா சொன்னாரே என்று எழுதிய சிஎஸ்இயா என்று அந்த இரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைசித் தேதியன்று மாலைவரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரத்தில் சர்வர் திணறும்.